சரசா வைத்த சீரகக் கஷாயம்

புனேயில் தாபோடிப் பக்கம் தமிழ் பேசுகிற வீடுகளில் பிள்ளைத்தாச்சிக்கு வயிறு வலித்தால் முதலில் சரசாவுக்குத்தான் ஆள் போகும், ரிக்‌ஷா கூப்பிடுவது அப்புறம்தான். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று சரசாவுக்கே சரியாகத் தெரியாது. ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அடுத்த வீட்டுப் பவுனுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. புருஷன் டியூட்டியில் இருந்தான். வாசலில் நின்று கைபிசைந்ததைத் தவிர மற்றவர்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. சரசாதான் சமையலறைக்குள் போய்ச் சீரகத்தைக் கருகாமல் வறுத்து, தண்ணீர் விட்டுச் சுண்டக் காய்ச்சி, பனைவெல்லமும் ஒரு கரண்டி நெய்யும் போட்டுக் கொண்டுவந்தாள். அவள் பிறந்த ஊரில் இப்படித்தான் பார்ப்பார்கள். குடித்ததும் வலி அடங்கினால் அது வெறும் சூட்டு வலி, அடங்காமல் கூடினால் பிரசவ வலி. பவுனுக்குக் கூடியது. ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பையன் பிறந்தான். அன்றிலிருந்து சரசாவின் கஷாயத்துக்கு ஒரு பேர் ஆகிவிட்டது.

மற்றபடி அவள் யாருக்கும் வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. பகலெல்லாம் ஒரு போளி-பாஜி கடையில் சப்பாத்தி தேய்ப்பாள். சப்பாத்தியைத்தான் மராத்திக்காரர்கள் போளி என்கிறார்கள், தொட்டுக்கொள்கிற காய்கறியைப் பாஜி என்கிறார்கள். தேய்க்கிற பெண்களில் தமிழச்சி அவள் ஒருத்திதான். ஆனால் அவள் கை போளிதான் மிருதுவாக இருக்கும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தவா காய்ந்துவிட்டதா என்று மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவள் சொந்த அனுபவம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கணவர் அனந்தராமன் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் சிவிலியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை இல்லை. அந்த இடத்தில் தம்பி ஜெயந்த் இருந்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு, பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனை ஊரிலிருந்து கூட்டிவந்து வளர்த்தாள். அவன் படித்து ஹடப்சரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். கூடவே வேலை செய்த கோயம்புத்தூர்ப் பெண் ஸ்ரீரஞ்சனியைக் கட்டிக்கொண்டான். அக்கா வீட்டுக்கு எதிர்க் கட்டிடத்திலேயே ஃபிளாட் எடுத்தான். ஸ்ரீரஞ்சனி முழுகாமல் இருந்தபோது பிரசவத்துக்கு அவள் கோயம்புத்தூர் போவதாகத்தான் ஏற்பாடு. அவள் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் அது மாறிப்போனது. அண்ணி இருக்கிறபோது எனக்கென்ன பயம் என்று ஸ்ரீரஞ்சனியே சொன்னாள். நாத்தனாரைப் பற்றி ஒருத்தி இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு குளிராது.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி தாண்டிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு காலையில் ஜெயந்த் ஆபீசுக்குப் போனபிறகு ஸ்ரீரஞ்சனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சரசா அவளைச் சாய்த்து உட்காரவைத்து, கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மெல்ல மெல்ல வலி விட்டுவிட்டது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இளக்கமாகத்தான் இருந்தது. சூட்டு வலிதான், பயப்படாதே, படுத்துத் தூங்கு என்றாள். ஜெயந்துக்கும் போன் போட்டு, கஷாயம் கொடுத்ததையும் சூட்டு வலிதான் என்பதையும் சொன்னாள். அவன் மீட்டிங்கிலேயே இருந்துவிட்டான்.

சாயங்காலம் ஸ்ரீரஞ்சனி இன்னொன்று கேட்டாள். பாப்பா இன்னிக்கு அவ்வளவா உதைக்கலைங்க அண்ணி, பரவாயில்லையா என்று. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சரசா தலையை நிமிர்த்தாமலே, தலை கீழே இறங்கினால் இடம் பத்தாது, புள்ளைங்க வரப்போற நேரத்துல அடங்கிடும் என்றாள். தான் அப்படிச் சொன்னோம் என்பதே மறுநாள் அவளுக்கு நினைவில்லை. சொன்னது அவ்வளவு சாதாரணமான பேச்சு.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் உடைந்தது. பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது என்று புரிந்து, சரசா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. நர்ஸுகளின் நடை ஓட்டமாக மாறியது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல நிறம் என்றெல்லாம் சொல்ல வேண்டிய நேரத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை அழவில்லை.

பிறக்கும் சமயத்தில் மூளைக்குப் போகவேண்டிய ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றார்கள். நேரத்தைக் கடத்தாமல் குளிர் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சரசாவின் குழப்பம் அங்கேதான் ஆரம்பமானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை, டயப்பரைத் தவிரத் துணி ஒன்றுமில்லாமல், ஒரு நீல மெத்தைமேல் கிடந்தது. தலையில் ஒயர்கள், மூக்கில் குழாய். மெத்தைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறதாம். பச்சைப் பிள்ளைக்குக் காதுக்குள் காற்றுப் போகக் கூடாதென்று குல்லாய் போட்டு, காலுறை மாட்டி, மேலே சால்வை சுற்றித்தான் அவளுக்குப் பழக்கம். புனே குளிருக்குப் பயந்து அவளே ஒரு குல்லாய் பின்னி எடுத்துவந்திருந்தாள். அதை வாங்கிக்கொண்ட நர்ஸ் பாத்திமா, போட முடியாது என்று இந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாள் உடம்பைக் குளிரிலேயே வைத்திருந்தால்தான் மூளையில் இன்னும் சேதம் பரவாமல் அடங்கும், அப்புறம் மெதுவாகச் சூடேற்றுவோம் என்று விளக்கினாள். சரசா தலையை ஆட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. ஜலதோஷம் பிடிக்கும் என்று பயந்து இத்தனை காலமும் மூடி மூடி வைத்த கை, இப்போது குல்லாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டது.

ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. தொட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தவளுக்கு அந்தக் குளிர் ஒன்றையுமே சொல்லவில்லை. நல்லதுக்கான குளிரா, கெட்டதுக்கான குளிரா?

வெளியே நாற்காலியில் ஜெயந்த் போனை நோண்டிக்கொண்டிருந்தான். "அக்கா, இதுல போட்டிருக்கு பாரு. தைராய்டுன்னா ரிஸ்க். ஷுகர்னா ரிஸ்க். டேட் தாண்டினா ரிஸ்க். ஃபர்ஸ்ட் டெலிவரின்னாலே ரிஸ்க்காம். புனேல பொறந்தா ரிஸ்க்குன்னு மட்டும்தான் போடலை."

"அப்ப நம்மளுக்கு எதுதான்டா?"

"அதான் மாலூம் நஹி, தெரியலை. எல்லாமே இருக்கு. எதுவும் கரெக்டா இல்லை."

ஸ்ரீரஞ்சனி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பரிசோதனையில் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். சர்க்கரை கடைசி மாதங்களில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சாப்பாட்டிலேயே அடங்கிவிட்டது. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அனந்தராமனுக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட ஸ்பீட் பிரேக்கர்மேல் சந்தேகம். அதன்மேல் ஸ்ரீரஞ்சனி எத்தனை தடவை ஸ்கூட்டரில் போயிருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். கோயம்புத்தூரிலிருந்து போனில் அழுத சம்பந்தி அம்மாள், தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாததுதான் காரணம் என்றாள். அனுப்ப முடியாமல் போனது தன் முழங்காலால்தான் என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் பெரிதாக அழுதாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று யாரோ நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த பவுன், "எம் பையனுக்கும்தான் சுத்தியிருந்துச்சு, அதுவும் ரெண்டு சுத்து. இன்னிக்கு கிரேன் ஓட்டறான்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்குச் சுற்றியும் ஒன்றும் ஆகவில்லை, இவளுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி சரசாவுக்குள் இன்னொரு முடிச்சாக விழுந்தது.

யாரும் கஷாயத்தைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அவளை அரித்தது. ஜெயந்துக்குத் தெரியும். அவனுக்குப் போன் போட்டுச் சூட்டு வலி என்று சொன்னதே அவள்தான். இவ்வளவு காரணங்களைப் போனில் வாசித்துக் காட்டுகிறவன் இதை மட்டும் ஏன் எடுக்கவில்லை? மறந்துவிட்டானா, அக்கா ஆயிற்றே என்று மென்று விழுங்குகிறானா? அந்தக் கஷாயம்தான் வலியை அமுக்கி, வெளியே வரவேண்டிய குழந்தையை உள்ளேயே மூச்சுத்திணற வைத்துவிட்டது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். குழந்தை பிழைக்குமா என்பது ஒரு பயம். பிழைத்தபின் தன் கையில் அதைக் கொடுப்பார்களா என்பது அதைவிடச் சின்ன பயம், ஆனால் அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சூடேற்றுகிற அன்று காலை குழந்தைகள் டாக்டர் வைஷாலி தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜெயந்த் ஸ்ரீரஞ்சனியோடு வார்டில் இருந்ததால் சரசாதான் போனாள். மராத்தியில் பேசினார்கள். போளி தேய்க்கிற இடத்தில் கற்ற மராத்தி என்பதால் சரசாவுக்கு அது சரளமாக வரும். டாக்டர் மற்ற எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, கடைசியில் கேட்டுவிட்டாள். "நான் அவளுக்குச் சீரகக் கஷாயம் கொடுத்தேன். வலி நின்னுபோச்சு. அதனாலயா?"

டாக்டர் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். சரசா சொன்னாள், நெய் உட்பட.

"சீரகத் தண்ணிக்கு அவ்வளவு சக்தி கிடையாது, மாவ்ஷி," என்றார் டாக்டர், சித்தி என்று கூப்பிடுகிற உரிமையோடு. பிரசவத்துக்கு முந்தி வலி வந்து வந்து போவது சகஜம், வெறும் வெந்நீர் குடித்திருந்தாலும் நின்றிருக்கும், எதுவும் குடிக்காவிட்டாலும் நின்றிருக்கும் என்று விளக்கினார்.

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வேறொன்றும் கூடவே சரிந்தது. அப்படியானால் பவுனுக்கு? அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில்? அடங்கியவர்களுக்குத் தானாகவே அடங்கியது, கூடியவர்களுக்குத் தானாகவே கூடியது. இவள் நடுவில் சீரகம் வறுத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

டாக்டர் அப்போதுதான் சாதாரணமாகக் கேட்டார். "அன்னிக்குக் குழந்தை வயித்துக்குள்ள வழக்கம்போல அசைஞ்சுதா? அம்மாவுக்குக் குழப்பமா இருக்கு, சரியா சொல்லத் தெரியலை."

வெண்டைக்காய் நறுக்கிய தட்டு சரசாவின் கண் முன்னால் வந்தது. ஸ்ரீரஞ்சனி நின்ற இடம், கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். மறைக்கலாம் என்ற எண்ணம்கூட வரவில்லை. அது மறைக்கவேண்டியது என்றே இதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியே சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினார். பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும் என்று தன் மாமியாரும் சொல்வார் என்றார். ஆனால் அது தப்பு. கடைசிவரை குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கவேண்டும். குறைந்தால் உடனே வரவேண்டும். வந்தால் பெல்ட் கட்டிக் கொஞ்ச நேரம் துடிப்பைப் பார்ப்போம், நன்றாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். தேதி தாண்டியது, சர்க்கரை, தைராய்டு, முதல் பிரசவம், தண்ணீரில் பச்சை, எல்லாமே ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டுகிற விஷயங்கள்தான். இவையெல்லாம் இருந்தும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட இல்லாமலும் சில குழந்தைகள் இப்படி வருகின்றன. கொடி கழுத்தில் சுற்றுவது மிகச் சாதாரணம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

"அன்னிக்குச் சாயங்காலமே வந்திருந்தா?"

"சொல்ல முடியாது. உங்களைத் தேத்தறதுக்காகச் சொல்லலை, நிஜமாவே தெரியாது. முன்னாடியே எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கலாம். அன்னிக்குத் துடிப்பு நல்லா இருந்து, நாங்களே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். கடைசி நேரத்துலதான் எல்லாம் நடந்திருக்கவும் கூடும்."

குற்றம் என்று சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளலாம். இல்லை என்று சொன்னால் நிமிர்ந்துகொள்ளலாம். இரண்டும் இல்லாமல் ஒரு மனுஷி கழுத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது? சரசா எழுந்து வெளியே வந்தாள். லிஃப்டுக்குள் போனவள், எந்த மாடி என்று தெரியாமல் மேலேயும் கீழேயும் ஒரு தடவை போய்விட்டுத்தான் வார்டில் இறங்கினாள்.

ஜெயந்த் டீ குடிக்கப் போயிருந்தான். ஸ்ரீரஞ்சனி கட்டிலில் சாய்ந்து, குழந்தைக்குக் கொடுக்கப் பால் எடுக்கிற பம்பை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சீசாவில் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. சரசா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், நீ கேட்டே, நான் வெண்டைக்காயைப் பாத்துகினே பதில் சொல்லிட்டேன் என்றாள்.

ஸ்ரீரஞ்சனி பம்பை நிறுத்தவில்லை.

"எனக்கு நெனப்பிருக்குங்க அண்ணி. டாக்டர் கேட்டப்பத்தான் சொல்ல வரலை. நீங்க அப்படிச் சொன்னதும் நிம்மதியா இருந்துச்சு. டாக்டருக்குப் போன் பண்ணலாம்னு எடுத்த போனைக் கீழ வெச்சுட்டேன். அந்த நிம்மதியை நெனச்சாத்தான் கோவமா வருது. உங்க மேலயா, எம்மேலயான்னு தெரியலைங்க."

"எம்மேலயே வெச்சுக்கோ."

"அப்படியெல்லாம் வெச்சுக்க வருதா என்ன," என்ற ஸ்ரீரஞ்சனி, சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதைக் கொண்டுபோய் பாத்திமாகிட்டக் குடுங்க. சிந்தாமப் போங்க."

சரசா சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

சூடேறியபின் குழந்தை கண் திறந்தது. அழுதது, பூனைக்குட்டி போலத்தான், ஆனால் அழுதது. சில நாள் கழித்துச் சப்பிக் குடிக்கவும் ஆரம்பித்தது. தலையை ஸ்கேன் எடுத்ததில் சில இடங்களில் மாற்றம் தெரிகிறது என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெயந்த் கேட்டதற்கு, வளர வளரத்தான் தெரியும் என்றார் டாக்டர். கழுத்து நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கை இரண்டையும் ஒரேமாதிரி ஆட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வரவேண்டுமாம். நன்றாகவும் வரலாம். நடை தாமதமாகலாம். வலிப்பு வரலாம். ஜெயந்த் இதையும் போனில் தேடினான். பாதியில் நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அக்காவிடம் கஷாயத்தைப் பற்றிக் கடைசிவரை கேட்கவில்லை. ஸ்ரீரஞ்சனி சொல்லியிருப்பாள் என்று சரசா நினைத்துக்கொண்டாள். முன்னைப் போலத்தான் சாப்பிட வந்தான். ஒரு நாள் மட்டும் தட்டில் வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு, பசியில்லை என்று எழுந்துபோனான். அன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே பசியில்லையோ என்னவோ.

குழந்தை வீட்டுக்கு வந்தபின் பவுன் பார்க்க வந்தாள். கிளம்பும்போது, பக்கத்துக் கட்கியில் தன் அண்ணன் மகள் மாசமாக இருக்கிறாள், நாள் நெருங்கிவிட்டது, ஒரு நடை வந்து கை வைத்துப் பார்த்துவிட்டு வா என்றாள். சரசா வரமாட்டேன் என்றாள். புள்ளை அசையுதான்னு அவளையே கவனிக்கச் சொல்லு, கம்மின்னு தோணிச்சுன்னா என்னைக் கூப்பிடாம தவாக்கானாவுக்குப் போயி டாக்டரைப் பாக்கச் சொல்லு என்றாள். பவுனுக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு பிரசவம் சரியா போகலன்னா அத்தினியும் தப்பா? எம் பையன் உன் கையாலதான் பொறந்தான்டி."

"அவன் அவனாத்தான் பொறந்தான்."

பவுன் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரொம்பத்தான் படிச்சிட்டே போ" என்று படியிறங்கினாள். அப்புறம் சில நாள் பேச்சு வார்த்தை இல்லை.

ஸ்ரீரஞ்சனிக்கு ஆபரேஷன் காயம் ஆறுகிறவரை குழந்தையைக் குளிப்பாட்டுவது யார் என்ற பேச்சு வந்தது. அனந்தராமன் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் காலை எதிர்க் கட்டிடத்திலிருந்து ஸ்ரீரஞ்சனியின் போன் வந்தது, வெந்நீர் போட்டாச்சுங்க, வர்றீங்களா என்று. சரசா கடைக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து தினமும் போனாள். குழந்தையைக் காலில் போட்டு நீர் ஊற்றும்போது, எந்தக் கை எப்படி ஆடுகிறது என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வலது கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதோ என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் இடதுதான் இறுக்கம் என்று தோன்றும். மூன்றாம் நாள் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

ஒரு முற்பகலில் துடைத்துத் துண்டில் சுற்றியபோது குழந்தையின் இரண்டு கையும் திடுமென விரிந்து உதறின. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. கண் மேலே போனதுபோல இருந்தது. போகாததுபோலவும் இருந்தது.

ஸ்ரீரஞ்சனி சரசாவின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, இது வலிப்புங்களா? இல்ல, பாப்பாக்கள் சும்மா தூக்கிவாரிப்போட்டு உதறுமே, அதுங்களா?"

அவள் கேட்டுவிட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் தன்னைத்தான் கேட்டாள். எத்தனையோ பிள்ளைகள் இப்படி உதறுவதை சரசா பார்த்திருக்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, குளிப்பாட்டினால் அப்படித்தான் என்ற பதில் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அதைச் சொன்னால் ஸ்ரீரஞ்சனிக்கு நிம்மதியாக இருக்கும்.

"தெரியலைம்மா," என்றாள் சரசா. "கிளம்பு."

ஈரத் தலையோடு குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ரிக்‌ஷாவில் குழந்தை தூங்கிவிட்டது. நல்ல தூக்கமா, வேறு மாதிரித் தூக்கமா என்று இரண்டு பேரும் மாறி மாறி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். சீட்டு எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல், குழந்தைக்கு என்ன என்று மராத்தியில் கேட்டாள். ஸ்ரீரஞ்சனிக்கு மராத்தி வராது. சரசாதான் முன்னால் போனாள்.

"தெரியலை. அதுக்குத்தான் வந்திருக்கோம்," என்றாள்.